கானமயில் மீளுமா?

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, அருவியாற்று நீரால் விளையும் வயல்களின் நடுவே அமைந்திருப்பது முருங்கன். அதன் அயலிலே கடலெனப் பரந்து கிடக்கும் கட்டுக்கரைக்குளம் பண்டை மன்னர் காலத்து ஆக்கமாகும். பல நூற்றாண்டுகள் உடைந்தும் தூர்ந்தும் கிடந்த அக்குளம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே திருத்தப்பெற்றது. நீர் நின்றது, கமம் செழித்தது. இன்று அங்கே கூழைக்கடாவும் நாரையும் கூட்டங்கூட்டமாய் இரை தேடுகின்றன. அவற்றை எவரும் கூட்டிலடைத்துக் கொண்டுவந்து விட்டாரல்லர். இடம் திருந்திற்று, பறவைகள் தாமாகவே வந்து சேர்ந்தன.

ஆனால் எல்லாப் பறவைகளுக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. அயலிலே இனம் எஞ்சியிருந்தாலன்றோ திரும்பி வருவதற்கு? ஓரிடத்தில் முற்றாக அற்றுப்போன பறவையை மீண்டும் அவ்விடத்திற் குடியேற்றுவது எத்துணை அரிய செயல் என்பதற்குக் கானமயிலின் வரலாறே தக்க சான்றாகும்.

கானமயில் இலங்கைப் பறவையன்று. இந்தியப் புல்வெளிகளுக்கே உரியது. ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரமும், ஆண் பறவையாயின் 15 கிலோகிராம் வரை நிறையும் உடையது. பறக்கவல்ல பறவைகளுள் மிகப் பாரமான சிலவற்றுள் ஒன்று. பஞ்சாப் முதல் தமிழ்நாடு வரை ஒருகாலத்தில் அது உலாவியது. இன்று தமிழ்நாட்டில் அதன் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது. 1969ஆம் ஆண்டிலே இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 1,260 கானமயில்கள் இருந்ததாகக் கணித்தனர். இன்று கட்டற்று வாழ்வன 150க்கும் குறைவே. அவற்றுட் பெரும்பாலானவை இராசத்தான் மாநிலத்துப் பாலைநிலத்தில் உள்ளன.

இவ்வழிவுக்கு வேட்டை ஒரு காரணம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. எனினும் அதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. அது ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது: தரிசு. ஆங்கிலேயர் காலத்து வருவாய்க் கணக்குகளில், வரி தராத புல்வெளிகள் பயனற்ற நிலம் எனப் பதியப்பட்டன. காடு என்றால் காக்கவேண்டியது, வயல் என்றால் பேணவேண்டியது, தரிசு என்றால் எதற்கும் கொடுக்கலாம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. எனவே புல்வெளிகள் உழப்பட்டன. சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் கொடுக்கப்பட்டன. கருநாடகத்து இராணிபென்னூரிலோ, நன்மை செய்வதாக எண்ணியே தைலமரங்களை நட்டனர். மரம் வளர்ந்தது, திறந்த வெளியை நாடும் கானமயில் அகன்றது. நிலத்திலே, ஆண்டுக்கு ஒரு முட்டையளவில் இடும் பறவைக்கு இழப்பை ஈடுசெய்யும் ஆற்றல் ஏது?

காப்பதற்கு எடுத்த முயற்சியும் சில இடங்களிற் கேடாயிற்று. மத்தியப் பிரதேசத்துக் கரேராவில் 1981ஆம் ஆண்டு கானமயிலுக்கென ஒரு சரணாலயம் அமைக்கப்பெற்றது. கமக்காரரின் சொந்தக் காணிகளும் அதன் எல்லைக்குள் அடங்கின. தம் காணியைத் தாமே விற்கமுடியாத நிலை ஏற்பட்டபோது, ஊரவர் பறவையின்மீதே வெறுப்புக் கொண்டனர். 1990களில் அங்கே கானமயில் இல்லாதொழிந்தது. பறவை போனபின்னும் தடை நெடுங்காலம் நின்றது. ஊரார் உள்ளத்தில் இடமில்லாத பறவைக்கு ஊரிலும் இடமில்லை என்பதைக் கரேரா கற்பித்தது.

இந்நிலையிலேதான் இந்திய வனவிலங்கு நிறுவனமும், மத்திய அரசும், இராசத்தான் அரசும் ஒன்றுகூடி, 2019ஆம் ஆண்டு முதல் புல்வெளியிலிருந்து முட்டைகளை எடுத்துச் சென்று, செயற்கை வெப்பத்திற் பொரிக்கச்செய்து, குஞ்சுகளை வளர்க்கத் தொடங்கின. செசல்மீர் மாவட்டத்துச் சம் என்னும் இடத்திலும், பின்னர் இராம்தேவ்ராவிலும் நிலையங்கள் அமைந்தன. 2024ஆம் ஆண்டிலே செயற்கைக் கருவூட்டல் மூலம் ஒரு குஞ்சு பிறந்தது. 2025ஆம் ஆண்டில் நிலையங்களில் வளரும் பறவைகளின் தொகை 60ஐக் கடந்திருந்தது. இவை யாவும் போற்றத்தக்க வெற்றிகளே. ஆயினும் கூண்டிற் பிறந்த தலைமுறையைப் புல்வெளியில் நிலைபெறச் செய்வதே எல்லாவற்றினும் கடினமான கட்டமாகும்.

அக்கட்டத்தைக் கடந்துவரும் ஒரு நாடு இங்கிலாந்து. கானமயிலின் உறவான ஒரு பெரும் பறவை அங்கே 1832ஆம் ஆண்டளவில் அற்றுப்போயிற்று. 2004ஆம் ஆண்டு முதல் உருசியாவிலிருந்து குஞ்சுகளைக் கொணர்ந்து சோல்சுபரிச் சமவெளியில் விட்டனர். மனிதரை அறிந்து பழகிவிடாதிருக்கும் பொருட்டு, வளர்ப்போர் உருமறைக்கும் உடை தரித்து, பறவைத் தலை போன்ற பொம்மையாலே இரையூட்டினர். அப்படியும் நரிகளுக்கும் மின்கம்பிகளுக்கும் பல பலியாயின. 2009ஆம் ஆண்டிலேதான் அந்த மண்ணிலே மீண்டும் குஞ்சு பொரித்தது. அவ்வெற்றிக்கு மூலம் எது? 1897 முதல் அச்சமவெளியின் பெரும்பகுதி படையினரின் பயிற்சிக்களமாக இருந்தமையால் கலப்பை படாமற் கிடந்ததே. பறவை மறைந்த பின்னும் அதன் வீடு தப்பியிருந்தது.

இந்தியாவிலோ வீடே கேள்விக்குரியதாய் நிற்கிறது. கானமயிலின் கண்கள் தலையின் இரு பக்கங்களில் அமைந்திருப்பதால், நேரெதிரே உள்ள கம்பியை அது எளிதிற் காணாது. கண்டபின் திரும்புதற்கு அதன் பாரமான உடல் இடங்கொடாது. பாலைநிலத்திலே சூரிய மின்சாரத்தையும் காற்று மின்சாரத்தையும் கொண்டுசெல்லும் கம்பிகள் நாளுக்கு நாள் பெருகுகின்றன. அவற்றை நிலத்தின்கீழ் அமைக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டிலே பணித்தது. 2024ஆம் ஆண்டிலே அக்கட்டளையைத் தளர்த்தி, வழிகாண ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. புகையற்ற மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும் என்னும் வழக்கு இது. இருபக்கத்திலும் நியாயம் உண்டு. ஆதலினாலேதான் தீர்ப்பு அரிதாயிருக்கிறது.

இவ்வழக்கு மன்னாருக்கும் அந்நியமானதன்று. முருங்கனுக்கு மேற்கே, கடலோரத்து வங்காலை 2008ஆம் ஆண்டிலே சரணாலயமாகி, 2010ஆம் ஆண்டிலே இராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவமுடைய ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் வழியிலே அது அமைந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு திசம்பரிலே மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் கொண்ட மின்நிலையமும் திறந்துவைக்கப்பட்டது. காற்று வீசும் கரையே பறவை வரும் கரையுமாகும்.

தரவை என்று மன்னார் மக்கள் வழங்கும் வெளிகள் மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு வெறுமையாகவே தோன்றும். மாடு மேய்ப்பவனுக்கு அவை மேய்ச்சல். பூநாரைக்கு அயலிலுள்ள சேற்றுக்கரை உணவுக்கூடம். அவற்றைத் தரிசு என்று ஏட்டில் எழுதுமுன், அங்கே வாழ்வன எவை என்று கேட்பது அறிவுடைமை. அற்றுப்போன பறவையை முட்டையிலிருந்து மீட்பதற்குக் கோடிக்கணக்கிற் பொருளும், ஒரு தலைமுறைக் காலமும், பிற தேசத்தாரின் துணையும் வேண்டும். இருக்கும் பறவையை இருக்கவிடுவதற்கு வேண்டுவது அதன் வழியை மறியாத நிதானம் மட்டுமே. கானமயில் தமிழ்நாட்டு வெளிகளுக்கு மீளுமா என்பதைக் காலம் சொல்லும். மன்னாரின் பூநாரைக்கு அந்தக் கேள்வியே எழாதிருக்கச் செய்வது இங்குள்ளோர் கையில் இருக்கிறது.