முற்றத்தில் வர்ணம் பூசிய கார்கள்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40 காரையும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்தமையால், புதிய கார் வாங்குவது எளிதன்று. கையிலிருந்ததைப் பேணுவதே வழியாயிற்று. எங்கள் ஒழுங்கையில் கார் வைத்திருந்தவர்கள் வீட்டு முற்றத்திலேயே தூரிகை கொண்டு அதற்கு வர்ணம் பூசினர்.

இது வசதியற்றோரின் குறுக்குவழி என்று சிலர் எண்ணக்கூடும். உண்மையில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலையுயர்ந்த கார்களுக்கும் குதிரை வண்டிகளைப் போலத் தூரிகையால்தான் வர்ணம் தீட்டப்பட்டது. எண்ணெய் வார்னிஷைப் படைபடையாகப் பூசி, ஒவ்வொரு படையும் உலர்ந்தபின் தேய்த்து முடிக்க வாரக்கணக்கில் சென்றது. ஃபோர்ட் நிறுவனம் 1914 முதல் 1925 வரை மொடல் ரி காரைக் கறுப்பில் மட்டுமே விற்றது. அந்த வர்ணத்தின் மலிவும் உறுதியும் அதற்குக் காரணங்கள்.

1923இல் டூபொன்ற் நிறுவனத்தின் டூக்கோ என்ற நைற்றோசெலுலோஸ் வர்ணம் வந்தது. காற்றழுத்தத்தால் விசிறிப் பூசப்பட்ட அது சில மணி நேரத்தில் உலர்ந்தது. தூரிகை தொழிற்சாலையை விட்டு வெளியேறி, வீட்டு முற்றங்களில் தங்கிக்கொண்டது.

நைற்றோசெலுலோஸ், தின்னர் ஆவியாவதால் உலர்வது. மீண்டும் தின்னர் பட்டால் இளகும். எனவே கீறிய இடத்தில் மட்டும் பூசினாலும் பழைய வர்ணத்துடன் இணைந்துவிடும். எனாமலோ காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து மெல்ல இறுகுவது. தூரிகைக் கோடுகள் சமப்பட அவகாசம் தரும். ஆனால் எனாமலின் மேல் நைற்றோசெலுலோஸ் விழுந்தால் அடிப்படை சுருங்கி எழும்பும். அயலில் இருந்த ஆசிரியர் ஒருவர் இதை அறியாமல் பூசியபோது, பொன்னட் ஆறிய பாலின் ஆடைபோலச் சுருங்கியது. தகடு தெரியும்வரை சுரண்டி, அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

1990இல் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையும் மின்வெட்டும் குடாநாட்டைச் சூழ்ந்தபோது, இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்நாட்களிலும் ஆசிரியர் கறளைச் சுரண்டி, அரத்தாளால் தேய்த்து, எஞ்சிய எனாமலைப் பூசினார். தூரிகை கழுவ எடுத்த மண்ணெண்ணெய் அன்றிரவு விளக்குக்குக் குறைந்தது. அது அழகுக்கான செலவன்று. கறள் தகட்டைத் தின்றுவிட்டால், நோயாளியை ஏற்றிச் செல்ல அந்த ஒழுங்கையில் வேறு வாகனம் இல்லை.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்கள் மீண்டும் மதிப்புப் பெற்றன. அவற்றுக்கு வீட்டில் வர்ணம் பூச விரும்புவோர் ஒன்றை மறக்கலாகாது. இன்றைய இருகூறு வர்ணங்கள் பலவற்றின் கடினமாக்கியில் ஐசோசயனேற்று உண்டு. உரிய சுவாசக் காப்பின்றி அதனை விசிறினால், ஆஸ்துமா நிரந்தரமாகப் பற்றக்கூடும். சாதாரணத் துணி முகமூடி அதனைத் தடுக்காது. ஒரு சிறு கீறலுக்குத் தூரிகையும் எனாமலும் பொறுமையும் இன்றும் போதும்.