ஸ்ரீகாந்தும் புதுப்பந்தும்

ஒருநாள் கிரிக்கெட்டின் முதல் பத்தாண்டில் தொடக்க ஆட்டக்காரரின் கடமை டெஸ்ட் ஆட்டத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. புதுப்பந்து கெட்டியாகவும் காற்றில் வளைந்தும் வருவதால், அது பழசாகும்வரை விக்கெட்டைக் காத்து நின்று, அடித்தாடும் வேலையைப் பின்னால் வருவோருக்கு விட்டுவிடுவதே முறையெனக் கருதப்பட்டது. 1975 உலகக் கோப்பையில் இங்கிலாந்து எடுத்த 334 ரன்களுக்கு எதிராக, சுனில் கவாஸ்கர் 60 ஓவர்களும் நின்று 174 பந்துகளில் 36 ரன் மட்டும் எடுத்தது அதன் கடைக்கோடி எடுத்துக்காட்டு.

இந்திய அணியில் அம்முறையை உடைத்தவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயின்று, 1981 நவம்பரில் அகமதாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் ஒருநாள் போட்டியை ஆடிய சென்னைக்காரர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் நடந்த உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் கவாஸ்கர் 2 ரன்னில் வெளியேறிய பிறகும் அவர் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. ஆண்டி ராபர்ட்ஸின் வேகப்பந்தை ஒரு முழங்காலில் மண்டியிட்டு எல்லைக்கோட்டுக்கு விரட்டி, 57 பந்துகளில் அவர் எடுத்த 38 ரன்னை இரு அணிகளிலும் வேறெவரும் எட்டவில்லை. 1985 மார்ச்சில் மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிரான உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியில் அவர் 67 ரன் எடுத்தார்.

ஆயினும் அவருடைய செல்வாக்கை மிகத் தெளிவாகக் காட்டுவது 1987 அக்டோபர் 31 உலகக் கோப்பையின் நாக்பூர் ஆட்டமே. பிரிவில் முதலிடம் பெற நியூசிலாந்தின் 221 ரன்களை விரைந்து கடக்க வேண்டியிருந்த அந்நாளில், ஸ்ரீகாந்த் 58 பந்துகளில் 75 ரன் அடிக்க, மறுமுனையில் அதே கவாஸ்கர் 88 பந்துகளில் 103 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார்; 32.1 ஓவர்களில் ஆட்டம் முடிந்தது.



146 ஒருநாள் போட்டிகளில் 4,091 ரன், 4 சதம், சராசரி 29 என்னும் கணக்கு அவரை முதல்தரத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துவதும், நிலைத்து ஆடாத குறை அவரிடம் இருந்ததும் உண்மை. ஆனால் 100 பந்துகளுக்கு எத்தனை ரன் என்பதைக் காட்டும் ஸ்டிரைக் ரேட்டில் கவாஸ்கர் 62இல் நிற்க, ஸ்ரீகாந்த் 71ஐத் தாண்டினார். அவரை எடைபோட வேண்டிய தராசு இதுவே. முதல் 15 ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே இருவர் மட்டுமே நிற்கலாம் என்ற விதி உலகக் கோப்பைக்கு 1992இல்தான் வந்தது. அதுவே அவருடைய கடைசித் தொடர். விதி தந்த அந்த வாய்ப்பை அவ்வாண்டு நியூசிலாந்தின் மார்க் கிரேட்பேட்சும், 1996இல் இலங்கையின் சனத் ஜயசூரியாவும் ரொமேஷ் களுவிதாரணவும் முழுமையாகப் பயன்படுத்தினர். ஸ்ரீகாந்த் தம் காலத்தின் பெரும்பகுதியை அந்த வாய்ப்பு பரவலாகும் முன்பே ஆடி முடித்திருந்தார்.

2011 உலகக் கோப்பைக்கான இந்திய அணியைத் தேர்ந்த குழுவுக்கு அவரே தலைவர். அத்தொடரின் முதல் பந்தையே எல்லைக்கோட்டுக்கு அனுப்பிய வீரேந்தர் சேவாக், அன்று மீர்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக 175 ரன் குவித்தார்.