பறவையைப் பாடம் செய்த ஆசான்

வேட்டையில் வீழ்ந்த விலங்கின் உடல் விரைவில் அழுகிவிடும். வேட்டையாடியவனது பெருமிதமோ அத்துணை விரைவில் அழிவதை விரும்புவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியச் செல்வர்களின் மாளிகைச் சுவர்களைக் கலைமான் தலைகள் அணிசெய்தன. கண்ணாடிப் பேழைகளுள் கௌதாரியும் உள்ளானும் உயிருடன் இருப்பன போல நின்றன. இவற்றை ஆக்கிக் கொடுத்தவர்கள் நகரத் தெருக்களிற் சிறு தொழில் நடத்திய கைவினைஞர்கள். இறந்த உயிரின் தோலை உரித்து, கெடாது காத்து, மீண்டும் அதற்கு உருக்கொடுக்கும் அத்தொழிலைத் தமிழில் 'பாடம் செய்தல்' என்கிறோம். சுட்டவரின் பெயர் விருந்துகளிற் பேசப்பட்டது. பாடம் செய்தவரின் பெயரை நினைத்தவர் சிலரே.

அவ்வாறு மறக்கப்பட்ட ஒருவர் ஜோன் எட்மன்ஸ்டன். தென்னமெரிக்காவின் வடகரையில், இன்று கயானா என வழங்கும் நாட்டின் டெமராராப் பகுதியில், சாள்ஸ் எட்மன்ஸ்டன் என்னும் ஸ்கொட்லாந்துக்காரரின் மரத்தோட்டத்தில் அவர் அடிமையாக இருந்தார். எசமானின் குடும்பப் பெயரே அவருக்கும் பெயராயிற்று. அத்தோட்டத்துக்கு அடிக்கடி வந்து தங்கியவர் சாள்ஸ் வோட்டர்ட்டன் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர். காடுகளிற் பறவைகளைச் சேகரித்துவந்த அவர், பறவைகளைப் பாடம் செய்யும் முறையை ஜோனுக்குக் கற்பித்தார்.

அக்காலத்தில் தோலைப் பூச்சியிடமிருந்து காப்பதற்கு ஆசனிக் கலந்த சவர்க்காரத்தைப் பூசுவதே பெருவழக்கு. வோட்டர்ட்டன் அதனை ஏற்கவில்லை. வீரம் என்னும் இரச நஞ்சை மதுசாரத்திற் கரைத்து, அதிலே தோலை ஊறவைப்பது அவருடைய முறை. உள்ளே எதையேனும் இறுகத் திணித்துப் பறவையைப் பொம்மையாக்குவதை அவர் வெறுத்தார். உயிருள்ள பறவை எவ்வாறு நிற்கும், எவ்வாறு கழுத்தைத் திருப்பும் என்பதை நன்கு கவனித்தவனே அதன் தோலுக்கு உரிய உருவைக் கொடுக்க முடியும் என்பது அவர் கொள்கை.

1817ஆம் ஆண்டில் எசமானுடன் ஜோன் ஸ்கொட்லாந்துக்கு வந்தார். அந்நாட்டுச் சட்டம் அடிமைமுறையை ஏற்காது என நீதிமன்றம் 1778இலேயே தீர்ப்பளித்திருந்தது. விடுதலை பெற்ற ஜோன், கற்ற தொழிலையே கைமுதலாகக் கொண்டார். கிளாஸ்கோவிலும் பின்னர் எடின்பரோவிலும் நூதனசாலைப் பணி புரிந்து, எடின்பரோப் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள லோதியன் தெருவில் 37ஆம் இலக்க இல்லத்திற் குடியமர்ந்தார்.

அதே தெருவில் 11ஆம் இலக்க வீட்டில் 1825ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு மாணவர் வந்து தங்கினார். வயது பதினாறு, வைத்தியம் கற்க வந்தவர். மயக்கமருந்து அறியப்படாத அக்காலத்துச் சத்திரசிகிச்சையைக் காணப் பொறாது கூடத்தை விட்டு ஓடியவர். ஆனால் துப்பாக்கியும் பறவை வேட்டையும் அவருக்கு உயிர். சுட்ட பறவைகளை எண்ணுவதற்குச் சட்டைப் பொத்தான்துளையிற் கயிறொன்றைக் கட்டி, பறவைக்கொரு முடிச்சிட்டு வந்தவர் அவர். அவரே சாள்ஸ் டார்வின். 1826ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாளுக்கு ஒரு மணி நேரமாக இரண்டு மாதம் கற்பதற்கு ஒரு கினி கட்டணம் பேசி, அவர் ஜோனிடம் மாணவரானார்.

1831இல் 'பீகிள்' கப்பலேறிய டார்வினுக்கு அந்தப் பயிற்சி பெரிதும் உதவியது. பறவைகளைச் சுடவும் தோலுரித்துக் காக்கவும் அவர் தம் உதவியாளர் கொவிங்டனுக்கும் கற்பித்தார். 1835இல் கலாபகஸ் தீவுகளிற் சேர்த்த பறவைத் தோல்கள் பழுதின்றி இலண்டன் வந்தன. 1837இல் அவற்றை ஆராய்ந்தவர் ஜோன் கூல்ட். அவரும் பாடம் செய்யுந் தொழிலிலிருந்து உயர்ந்தவரே. வெவ்வேறு குடும்பத்தவை என டார்வின் எண்ணியிருந்த சிறு பறவைகள் பல ஒரே குருவிக் கூட்டத்தைச் சேர்ந்தவை என்று கூல்ட் காட்டினார். மற்றொரு வகைப் பறவை வெவ்வேறு தீவுகளில் வெவ்வேறு இனமாக இருப்பதையும் கண்டார். உயிரினங்கள் மாறுபடும் என்ற எண்ணம் டார்வினிடம் வலுப்பெற இவை துணைநின்றன. 1859இல் வெளிவந்த அவரது பெருநூலுக்குச் செல்லும் வழியில், அந்தப் பறவைத் தோல்களுக்கும் ஓர் இடம் உண்டு.

ஜோனைப் பற்றி இருவர் எழுதிவைத்த கருத்துகள் நமக்குக் கிடைத்துள்ளன. 1825இல் வெளியான தம் பயணநூலில் வோட்டர்ட்டன், ஜோனின் ஆற்றல் குறைந்தது என்றும், அவருக்கு எதையும் புகட்டுவதற்கு நெடுங்காலமும் பொறுமையும் வேண்டியிருந்தன என்றும் குறித்தார். அவரிடம் பாடங்கேட்ட டார்வினோ, முதுமையில் எழுதிய தன்வரலாற்றில், அவர் தம் தொழிலிற் சிறந்தவர், இனிமையும் அறிவும் உடையவர் என்றும், அவருடன் அடிக்கடி அமர்ந்து உரையாடியதுண்டு என்றும் எழுதினார். மனித இனங்கள் அனைத்தின் உள்ளமும் ஒத்த தன்மையுடையது என்று வாதிட்ட 1871ஆம் ஆண்டு நூலிலும், தாம் நெருங்கிப் பழகிய கறுப்பினத்தவர் ஒருவரைச் சான்றாகக் காட்டினார்.

ஒரே மனிதர், தீர்ப்புகள் இரண்டு. ஒருவர் அவரை அடிமையாகக் கண்டு அளந்தார். மற்றவர் ஆசானாகக் கண்டு அளந்தார். ஆயினும் டார்வின்கூடத் தம் நூல்களில் அந்த ஆசானின் பெயரைச் சொல்லாது விட்டார். பிற்கால ஆராய்ச்சியாளர்கள் பழைய கடிதங்களையும் நகர விவரக் கோவையையும் ஒப்புநோக்கிய பின்னரே, அந்தப் பெயர் ஜோன் எட்மன்ஸ்டன் என்பது தெளிவாயிற்று. அவர் பறவைகளைப் பாடம் செய்தார்; மாணவருக்குப் பாடம் சொன்னார். முதலாவதன் பயன் நூதனசாலைப் பேழைகளுள் அடங்கும். இரண்டாவதன் பயன் உலகமெங்கும் பரந்தது.