பேஸ்பால் போர் அடிக்குதா? பந்து வர்றதுக்கு முன்னாடி இந்த 3 விஷயத்தைக் கவனிங்க!

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் முதல்முறை பேஸ்பால் பார்த்தால் 'என்னப்பா, ஒண்ணுமே நடக்கலையே' என்றுதான் நினைப்பார்கள். பிட்சர் நிற்கிறார், பந்தைப் போடுகிறார், பேட்டர் அடிக்காமல் விடுகிறார். ஆனால் பந்துக்கும் பந்துக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில நொடிகளில்தான் பாதி ஆட்டமே நடக்குது. அதில் எதைப் பார்க்கணும்?

1. கவுன்ட் என்ன?

திரையின் மூலையில் 3-1, 0-2 என எண்கள் தெரியும். முதல் எண் 'பால்', அடுத்தது 'ஸ்ட்ரைக்'. ஹோம் பிளேட்டுக்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே வரும் பந்து ஸ்ட்ரைக். வீசித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக்தான். அந்தப் பகுதிக்கு வெளியே போகும் பந்தை ஆடாமல் விட்டால் 'பால்'. 3 ஸ்ட்ரைக் ஆனால் அவுட். 4 'பால்' ஆனால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்.

3-1 என்றால் நெருக்கடி பிட்சருக்கு. நேராகப் போட்டே ஆகணும். 0-2 என்றால் நிலைமை தலைகீழ். வெளியே போகும் பந்தைப் போட்டு பேட்டருக்கு ஆசை காட்டுவார்.

2. கேட்சரின் கிளவ் எங்கே?

பந்து வரும் முன் கேட்சர் கிளவ்வைக் காட்டும் இடம்தான் குறி. கிளவ் அசையாமல் பந்து வந்து விழுந்தால் பிட்சர் நினைத்ததைச் சாதித்துவிட்டார். கேட்சர் குறுக்கே பாய்ந்து பிடித்தால் குறி தப்பிடுச்சுன்னு அர்த்தம்.

3. ஃபீல்டர்கள் எங்கே நிற்கிறாங்க?

மூன்றாவது பேஸில் ரன்னர் இருக்கும்போது உள்வட்ட ஃபீல்டர்கள் முன்னால் வந்து நின்றால், ஒரு ரன்கூட விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆனா ரிஸ்க் இருக்கு. பலமாக அடித்த பந்து அவர்களைத் தாண்டிப் போய்விடலாம்.

0.4 நொடிதான்!

பிட்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் தூரம் 18.4 மீட்டர். 150 கி.மீ. வேகப் பந்து சுமார் 0.4 நொடியில் வந்துவிடும். அதனால் என்ன பந்து வரும் என்று பேட்டர் முன்கூட்டியே கணிக்கணும். அந்தக் கணிப்பைப் பொய்யாக்குவதுதான் பிட்சரின் வேலை.

சாம்பியனை முடிவு செய்த ஒரு பந்து

2023 மார்ச்சில் மயாமியில் நடந்த உலக பேஸ்பால் கிளாசிக் இறுதிப்போட்டியே இதற்கு உதாரணம். கடைசி இன்னிங்ஸில் 3-2 என ஜப்பான் முன்னிலை. அமெரிக்காவுக்கு 2 அவுட். பந்து போட்டவர் ஷோஹெய் ஒட்டானி. எதிரே மைக் டிரவுட். அப்போது கிளப் அணியில் இருவரும் ஒரே டீம்!

160 கி.மீ.யைத் தொடும் வேகப்பந்துகளை ஒட்டானி அடுத்தடுத்து போட்டார். கவுன்ட்டும் 3-2 ஆனது. இன்னொரு வேகப்பந்து வரும் என்று எதிர்பார்க்கத் தோன்றும் நேரத்தில், வேகம் குறைந்து விலகிப்போகும் ஸ்லைடர் வந்தது. டிரவுட் வீசினார், பந்து சிக்கவில்லை. கோப்பை ஜப்பானுக்கு.

அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது ஒவ்வொரு பந்துக்கும் முன்னாடி கவுன்ட்டைப் பாருங்க. என்ன வரும்னு நீங்களே ஒரு கணிப்பு சொல்லுங்க. அப்புறம் போர் அடிக்காது!