மடிக்கணினி நினைவக உச்சவரம்பு

மடிக்கணினி நினைவக உச்சவரம்பு என்பது ஒரு மடிக்கணினியில் பொருத்திப் பயன்படுத்தக்கூடிய ரேம் எனப்படும் முதன்மை நினைவகத்தின் மிகக் கூடிய அளவைக் குறிக்கும். நுண்செயலி, தாய்ப்பலகையின் சில்லுத்தொகுதி, பயாஸ், நினைவகச் செருகுவாய்கள், இயங்குதளம் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வரம்பைக் கொண்டுள்ளது. அவற்றுள் மிகக் குறைந்ததே அக்கணினியின் வரம்பாகும். பழைய மடிக்கணினிகளில் கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்தியும் அது முழுமையாகப் பயன்படாமல் போவதற்கு இதுவே காரணம்.

முகவரி வரம்பு

நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. 32 பிட்டு முகவரியால் 4,29,49,67,296 பைட்டுகளை, அதாவது 4 ஜிகாபைட்டை மட்டுமே சுட்ட முடியும். இம்முகவரிகள் அனைத்தும் ரேமுக்குக் கிடைப்பதில்லை. வரைவியல் அலகு, பயாஸ், பிற சாதனங்கள் ஆகியவையும் இவற்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. அப்பகுதிக்கு நேரான ரேமை அணுக இயலாது. பிற்காலச் சில்லுத்தொகுதிகள் அந்த ரேமுக்கு 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட முகவரிகளை அளித்து இக்குறையை நீக்கின.

எடுத்துக்காட்டு: இன்டெல் 945ஜிஎம்

2006 இல் வெளியான இன்டெல் 945ஜிஎம் சில்லுத்தொகுதி 32 பிட்டு முகவரிகளை மட்டுமே கையாளும். இதனுடன் 64 பிட்டு கோர் 2 டியோ நுண்செயலி இணைக்கப்பட்ட மடிக்கணினிகளும் விற்பனையாயின. இவற்றில் இரண்டு 2 ஜிகாபைட்டு நினைவகப் பலகைகளைப் பொருத்தினாலும் ஏறத்தாழ 3 ஜிகாபைட்டு மட்டுமே பயன்படும். 64 பிட்டு இயங்குதளத்தை நிறுவினாலும் இந்நிலை மாறாது.

உற்பத்தியாளர் அறிவிக்கும் வரம்பு உண்மையான வரம்பைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. 2006 இறுதியில் வெளிவந்த கோர் 2 டியோ மேக்புக் கணினிக்கு 2 ஜிகாபைட்டு என அறிவிக்கப்பட்டது. எனினும் அது 3 ஜிகாபைட்டு வரை ஏற்கும்.

இயங்குதள வரம்பு

32 பிட்டு விண்டோஸ் எக்ஸ்பி 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தாது. 64 பிட்டு விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் பதிப்பின் வரம்பு 16 ஜிகாபைட்டு ஆகும். சில்லுத்தொகுதி இடமளிக்கும் கணினிகளில் மட்டுமே இயங்குதளத்தை மாற்றுவது பயன் தரும்.

பலகை வகைகள்

மடிக்கணினிக்குரிய டிடிஆர்2 பலகை 200 ஊசிகளும் 1.8 வோல்ட்டு மின்னழுத்தமும் கொண்டது. டிடிஆர்3 பலகை 204 ஊசிகளும் 1.5 வோல்ட்டும் கொண்டது. இவற்றின் வெட்டுப்பள்ளங்கள் வெவ்வேறு இடங்களில் அமைந்துள்ளதால் ஒன்றின் செருகுவாயில் மற்றொன்று பொருந்தாது. சில மடிக்கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். 2008 இல் வெளியான முதல் மேக்புக் ஏர் அத்தகையது. அதன் 2 ஜிகாபைட்டு நினைவகத்தைக் கூட்ட இயலாது.

எனவே நினைவகம் வாங்குமுன் சில்லுத்தொகுதியின் பெயர், செருகுவாய்களின் எண்ணிக்கை, பலகையின் வகை, இயங்குதளத்தின் பதிப்பு ஆகிய நான்கையும் அறிந்துகொள்வது தேவையாகும்.