சம்பளச் சீட்டில் பிடித்த காசு

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் பழகிய விஷயம். அந்தச் சிறு தொகைக்குச் சட்டத்தில் இருக்கும் மதிப்பு பலருக்குத் தெரியாது.

1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மருத்துவர் தரும் சிகிச்சை அதில் அடங்காது என்று 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை சட்டத்துக்குள் வந்தது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை வெளியே நின்றது.

அப்படியானால் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இலவசமா? அரியானா மாநிலம் சோனிபட்டில், மனைவிக்குச் சரியான சிகிச்சை தரவில்லை என்று இ.எஸ்.ஐ. சந்தாதாரர் ஒருவர் வழக்குப் போட்டார். தொழிலாளியும் முதலாளியும் சந்தா கட்டுவதால் அது இலவசமல்ல என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே அலட்சியத்தால் உயிர் போனால், வாரிசுகள் இரண்டு ஆண்டுக்குள் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். இலவச அரசு மருத்துவமனை என்றால் சிவில் வழக்கு, உயர் நீதிமன்ற ரிட் மனு என்ற வழிகள் உண்டு.

மரணம் மட்டுமே அலட்சியத்துக்குச் சாட்சியாகாது; காகிதம் பேச வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவேடுகளைத் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. காரியம் முடியட்டும் என்று காத்திராமல், எழுத்து மூலம் கேட்டு வாங்கி வையுங்கள்.