வாசலில் ஓர் உடன்படிக்கை

சென்னையில் படித்த நாட்களில் ‘ட்ரீட்’ என்றால் எங்களுக்கு பிரியாணி. வேலை கிடைத்தாலும் வண்டி வாங்கினாலும் “ட்ரீட் எப்போ மச்சான்?” என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பொருளோடுதான் டொராண்டோவுக்கு வந்தேன். முதல் ஆண்டு அக்டோபர் 31, ஹாலோவீன் மாலை, அழைப்புமணி அடித்தது. வாசலில் ஒரு எலும்புக்கூடு, ஒரு தேவதை, இடுப்புயரத்தில் ஒரு டைனோசர். தலையணை உறையை விரித்துப் பிடித்து ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ (குறும்பா, விருந்தா) என்றார்கள். வீட்டில் மிட்டாய் இல்லை. ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தேன். அடுத்த முறை மணி அடித்தபோது கொடுக்க எதுவும் இல்லாததால் கதவைத் திறக்கவில்லை. வாசல் விளக்கை அணைத்திருந்தால் பிள்ளைகள் வந்திருக்கவே மாட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா மறுநாள் சொன்னார்.

அதன் பிறகு பிள்ளைகள் சொன்ன அந்தச் சொற்கள் என்னை விடவில்லை. ‘ட்ரீட்’டின் வேர் லத்தீனில் ‘டிராக்டாரே’: கையாளுதல், நடத்துதல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘பேசி முடித்தல்’ என்ற பொருளும் கூடவே வந்தது. நாடுகள் கையெழுத்திடும் ‘ட்ரீட்டி’ இதன் உடன்பிறப்பு. விருந்து என்ற பொருள் பிற்பாடு ஒட்டியதுதான். ஸ்பெயினில் பிள்ளைகள் ‘த்ருகோ ஓ த்ராதோ’ என்கிறார்கள். ‘த்ராதோ’வுக்கு அங்கே தின்பண்டம் என்ற பொருள் கிடையாது, ஒப்பந்தம் என்றே பொருள். ஒலியை ஒட்டிப் பெயர்த்தது போலத் தெரிந்தாலும், சொல் அங்கே தன் தாய்வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஒப்பந்தம் என்றால் இரு தரப்பும் ஏதாவது தர வேண்டும். இந்த வழக்கத்தின் வரலாறு முழுவதும், வாசலில் நிற்பவர் என்ன தருகிறார் என்பதிலேயே இருக்கிறது. நம் ஊர் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று சொல்லும் நவம்பர் 2ஐ ஒட்டி, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர், செஷயர் பக்கங்களில் ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகப் போய் ‘சோல் கேக்’ கேட்டார்கள். பதிலுக்கு அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் வேடமிட்டு வந்தவர்கள் ஒரு பாட்டோ விடுகதையோ சொல்லித்தான் பழமும் கொட்டைகளும் வாங்கினார்கள்.

கனடாவில் பேரம் மாறியது. ஒன்டாரியோவின் சூ செயின்ட் மேரி நாளிதழ் 1917இல் எழுதியது எனக்கு மிகவும் பிடித்த சான்று. சிறுவர் கூட்டம் ‘ட்ரிக்ஸ் ஆர் ட்ரீட்ஸ்’ என்று கூவும். காசு கொடுத்த வீட்டுக்குத் தொல்லை வராது, அந்த உடன்பாட்டில் சேராத இன்னொரு கூட்டம் வந்து நிற்கும் வரைக்கும். செய்தியே உடன்பாடு என்றுதான் சொல்கிறது! 1927இல் ஆல்பர்ட்டாவின் பிளாக்கி ஊரிலிருந்து வந்த செய்தியில், தெருவில் வண்டிச் சக்கரங்களும் கழற்றிய வாயிற்கதவுகளும் கிடக்கின்றன. பிள்ளைகளோ முன்வாசலிலும் பின்வாசலிலும் ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ சொல்லித் தின்பண்டம் கேட்கிறார்கள். ஜெபமும் பாட்டும் இருந்த இடத்தில் ‘உங்கள் கேட்டைக் கழற்ற மாட்டோம்’ என்ற உறுதிமொழி.

போரை ஒட்டி அமெரிக்காவில் 1942 முதல் 1947 வரை சர்க்கரைக்குப் பங்கீடு. அது முடிந்த பிறகு வழக்கம் வேகமாகப் பரவியது. 1952இல் டிஸ்னி ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ என்ற தொடரையே தலைப்பாக்கி ஒரு டொனால்ட் டக் குறும்படம் எடுத்தது. அந்தக் காலத்தில் ஆப்பிள், வேர்க்கடலை, வீட்டில் செய்த பலகாரம் எல்லாம் சாதாரணம்; மேற்குக் கனடாவில் பிள்ளைகள் ‘ஹாலோவீன் ஆப்பிள்ஸ்’ என்றே கூவினார்கள். 1970களில் விஷம், பிளேடு என்ற அச்சம் கிளம்பியதும் உறை பிரிக்காத மிட்டாய் மட்டுமே நம்பிக்கைக்குரியதாயிற்று. என் ஆரஞ்சுகள் ஐம்பது ஆண்டு தாமதம்.

இப்போது அக்டோபர் நடுவிலேயே சாக்லேட் பெட்டி வாங்கி வைத்துவிடுகிறேன். சென்ற ஆண்டு ஒரு பையனிடம், “கொடுக்கலைன்னா என்ன ட்ரிக் செய்வே?” என்று கேட்டேன். நடைபாதையில் நின்ற தாயைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, புல்தரையில் ஒரு குட்டிக்கரணம் போட்டுக் காட்டினான்.